பத்து மில்லிவோல்ட்

பெருக்கியை ஐம்பத்தொன்றில் வைத்து
ஒன்று புள்ளி இரண்டு ஆறு கொடுத்தேன்.
லோகோ வரை வந்து நின்றுவிட்டது,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து
பதிலை மறந்த பையன் போல.

ஒன்று புள்ளி இரண்டு ஏழு. உள்ளே வந்தது.
டெஸ்டின் ஏழாவது நிமிடம் நீலத்திரை.
ஒன்று புள்ளி இரண்டு எட்டு.
இந்த முறை விடியப் பார்த்தது.

ஓட்டேரி, மொட்டைமாடி அறை, மே மாதம்.
பகலில் வாங்கிய வெயிலை கான்கிரீட்
நள்ளிரவில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது.
கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன்.
காற்று அதற்கு, வியர்வை எனக்கு.

ஆவடிக் கல்யாணம், நான்கு மணி நேர வீடியோ.
ரெண்டரில் இருபது நிமிடம் மிச்சமாகுமாம்.
இருபது நிமிடத்துக்காக
இது பதினோராவது ராத்திரி.

ரிச்சி ஸ்ட்ரீட் லியாகத் பாய் விற்கும்போதே சொன்னார்:
ஒரே தட்டில் வெந்த இட்லியிலேயே
ஒன்று பஞ்சு, ஒன்று கல்.
சிப்பும் அப்படித்தான் தம்பி.
இதே பெட்டி, இதே எண், கஜபதியினுடையது
ஒன்று புள்ளி இரண்டிலேயே ஓடுகிறது.
பிள்ளையின் மார்க்கைச் சொல்லும் அப்பா மாதிரி
அடிக்கடி அதைச் சொல்கிறான்.

சும்மா இருக்கும்போது கேட்ட வோல்டேஜைக் காட்டும்.
வேலை வந்தால் தொய்யும்.
தொய்வைத் தூக்கிப் பிடிக்க பயாஸில் ஏழு படிகள்.
ஏழில் வைத்தால்
வேலை முடிகிற கணத்தில் எகிறும்,
அந்த எகிறல் எந்த மீட்டரிலும் விழாது,
சிப்புக்கு மட்டும் தெரியும்.
நான்கில் நிறுத்தினேன்.

நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன்:
4.32 நின்றது.
4.35 நின்றது.
4.31.
அந்த நேரத்தில்தான் மெட்ரோ வாட்டர் வரும்,
கீழே ரெஜினா டீச்சர் மோட்டார் போடுவார்,
என் டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்.
கண்டுபிடித்துவிட்டேன்!

ஒரே ஒரு ராத்திரி மோட்டார் போடாமல் இருக்க முடியுமா டீச்சர்?
ஏன்ப்பா, ஷாக் அடிக்குதா?
இல்ல, கம்ப்யூட்டருக்கு...
கையிலிருந்த முருங்கைக்காயோடு
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
சரி, ஒரு நாள்தானே.

நாலரை. தெருக்குழாய் மூச்சு விட்டது.
மோட்டார் இல்லை.
டியூப்லைட் அசையவில்லை.
நாலு முப்பத்து மூன்று.
அறை முழுக்க நீலம்.

அப்போதுதான் உறைத்தது.
பன்னிரண்டுக்குத் தொடங்கும் டெஸ்ட்
நாலரை மணி நேரம் கழித்துத்தான்
தன் முரட்டுப் பகுதிக்கு வருகிறது.
தினமும் பன்னிரண்டுக்கே தொடங்கியவன் நான்.

காலையில் ஆறு போர்ஷனிலும் தண்ணீர் இல்லை.
எல்லார் வாசலிலும் பிளாஸ்டிக் குடங்கள்,
சிவப்பு, பச்சை, ஒரு மூடியில்லாத ஊதா.
அடிபம்பில் முதல் பத்து அடிக்கு வெறும் சத்தம்.
பதினோராவது அடியில் துருவாடையோடு கொஞ்சம்.
நானே அடித்தேன், நானே தூக்கினேன்,
மூன்று மாடி, பதினான்கு குடம்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அன்றிரவு பத்து மில்லிவோல்ட் கூட்டிப் பார்த்தேன்.
நின்றது, நிலையாக,
தொண்ணூற்றேழு டிகிரியில்.
நூறைத் தொட்டால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
தோள்வலியோடு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பெருக்கியை ஐம்பதாக்கினேன்.
ஒன்று புள்ளி இரண்டு மூன்று.
எண்பத்திரண்டு டிகிரி.
ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டியூப்லைட் கண்ணை மூடித் திறந்ததும்
மோட்டார் ஓடியதும் தூக்கத்தில் தெரிந்தது.
எழுந்தபோது டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது, பிழை பூஜ்யம்.
மிச்சம் எட்டு நிமிடம்.

கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா என்றார் டீச்சர், படிக்கட்டில்.
ஆயிடுச்சு டீச்சர்,
இனிமே நீங்க மோட்டார் போடலாம்.
பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.